துண்டு வெட்டிய பிறகு

அந்த ஐயா தன் சொப்பிங் பையை என் மேசையில் கவிழ்த்தபோது அதற்குள் ஒன்பது விதமான மருந்துகள் இருந்தன. சில கிளினிக்கில் கொடுக்கும் சின்னக் கடதாசி உறைகளில், சில பாமசியில் வாங்கிய அட்டைகளில். "இது கிளினிக்கில தந்தது பிள்ளை. இது மகள் பிரைவேட்டில சனல் பண்ணிக் கூட்டிக்கொண்டு போகேக்க எழுதினது. ரெண்டையும் நேரந் தவறாமப் போடுறன்" என்றார். உறையொன்றில் கிளிக்ளசைட் என்ற சலரோக மருந்தின் பெயர் எழுதியிருந்தது. அட்டையில் இருந்ததும் அதே கிளிக்ளசைட்தான். கொம்பனி வைத்த பெயர் மட்டும் வேறு.

அதற்கு முந்தைய கிழமைதான் விடியப்புறம் அவரை எழுப்ப எழுப்ப எழும்பவில்லை என்று வீட்டில் கத்திக் குளறியிருக்கிறார்கள். பாரிசவாதம் என்று பயந்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தார்கள். வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தால் சீனி அடிமட்டத்தில் இருந்திருக்கிறது. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்தார். வயதானவர், சிறுநீரகமும் பழுது. இந்த வகை மருந்து அப்படியானவர்களின் உடம்பை விட்டு இலேசில் போகாது, சீனி திரும்பத் திரும்ப இறங்கும். அதனால் இரண்டு நாள் வாட்டில் வைத்திருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கார்டில் அந்த மருந்தை நிறுத்தும்படி தெளிவாக எழுதியிருந்தது. ஆங்கிலத்தில்.

அவர் என்னிடம் வந்தது கால்விரல் எடுத்த புண்ணுக்கு மருந்து கட்ட. பையைக் காட்டச் சொல்லி நான் கேட்டது தற்செயல். கேட்காமல் விட்டிருந்தால் என்று நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பல வருடம் சத்திரசிகிச்சை வாட்டில் நின்றுவிட்டு, இப்போது யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். அதனால் துண்டு வெட்டுகிற பக்கமும் தெரியும், துண்டோடு வந்து இறங்குகிற பக்கமும் தெரியும். அந்த ஐயாவின் கதையில் தன் வேலையைச் செய்யாதவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. கிளினிக்கில் சரியாக மருந்து எழுதினார்கள். தனியாரிடம் பார்த்த டொக்டரும் சீனி கூடியிருந்ததைக் கண்டு எழுதினார். கிளினிக் கொப்பியை மகள் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான். அம்புலன்ஸ்காரர் உயிரைக் காப்பாற்றினார்கள். இத்தனை பேர் தொட்ட மனிதருக்கு, ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறுகிற இடத்தில் மட்டும் ஆள் இருக்கவில்லை.

ஆனால் இப்படிக் கைமாற்றிவிடுவது எங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. மாரியில் யாழ்ப்பாணத்து வாட்டொன்றில் டெங்கு என்று சந்தேகம் வந்தாலே போதும், இரத்த முடிவு வரும்வரை காத்திராமல் அறிவித்தல் படிவம் நிரப்பப்பட்டு அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிப் போய் வளவுக்குள் சிரட்டை, டயர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்ப்பார். பிள்ளைப்பேறு இதைவிடத் திறம். கர்ப்பம் என்று தெரிந்ததும் குடும்பநல உத்தியோகத்தர் பதிந்துகொள்வார். தாயின் கையில் ஒரு பதிவு அட்டை, உத்தியோகத்தரிடம் இன்னொரு பிரதி. பிரசவத்துக்கு எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் அந்த அட்டையைப் பார்த்தே தொடங்குவார்கள். வீட்டுக்கு வந்து முதல் பத்து நாளுக்குள் குறைந்தது இரண்டு தடவையாவது அவர் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கவேண்டும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் தொடர்ச்சி இது. இந்த வீடு இன்னாருடைய பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்திருப்பதுதான் இதன் பலம் என்று நான் நினைக்கிறேன்.

கால்விரல் எடுத்த சலரோகக்காரரின் வீட்டுக்கு அப்படிப் பொறுப்பான ஆள் யார்? இந்தக் கேள்வியை வாட்டில் இருந்த காலத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. துண்டு வெட்டினால் கட்டில் ஒன்று வெறுமையாகும், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரை ஏற்றலாம். அந்த நெருக்கடியில் மனம் அதற்கு அப்பால் போகாது.

நிர்வாகமும் இரண்டாகக் கிடக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள மத்திய அமைச்சின் கீழ். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளும் எங்களைப் போன்ற சின்ன இடங்களும் மாகாணத்தின் கீழ். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு வந்த பிரிப்பு இது. ஒரு பெரிய வைத்தியசாலையையும் அதைச் சுற்றியுள்ள சிறியவற்றையும் ஒரே கொத்தாக இணைத்து வேலைசெய்வது என்பது இப்போது நாட்டின் கொள்கை. நல்ல விசயம், நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் கொத்து என்பது சுற்றறிக்கையால் மட்டும் வராது. மற்றப் பக்கத்தில் தொலைபேசியை எடுக்கிறவரின் குரல் தெரிந்திருக்கவேண்டும்.

அந்த ஐயாவுக்குப் பிறகு நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதலில், மருந்து கட்ட வருகிற எல்லோரையும் வீட்டிலுள்ள மருந்து முழுவதையும் பையோடு கொண்டுவரச் சொன்னோம். வேண்டாததை டொக்டரிடம் காட்டி எடுத்துவிடுவோம். பிறகு, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதத் தொடங்கினோம்: எது காலை, எது இரவு, எது நிறுத்தியாச்சு. தனியாரிடம் போனாலும் இந்தக் கொப்பியோடு போங்கோ என்று மேலே பெரிதாக எழுதுவோம். மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது. முன்பு என்னோடு வேலைசெய்த வாட்டுத் தங்கச்சிமாரிடம், தீவுப்பக்கத்து நோயாளிக்குத் துண்டு வெட்டினால் எனக்கு ஒரு கோல் எடுங்கோ என்று கேட்டேன். முதல் மாதம் இரண்டே இரண்டு அழைப்பு. அவர்களில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அந்த வாட்டில் ஓடியவள்தானே. நானே பின்னேரங்களில் எடுத்துக் கேட்கத் தொடங்கினேன். இப்போது அவர்களே எடுக்கிறார்கள். பெயர், ஊர், என்ன புண், எத்தனை நாளுக்கு ஒருக்கால் மருந்து கட்டவேண்டும், எந்த மருந்து நின்றது. ஒரு நிமிடம் போதும். ஒரு சிஆர் கொப்பியில் பதிந்து வைக்கிறேன். வரவேண்டிய நாளில் ஆள் வராவிட்டால் அந்தக் கொப்பிதான் எனக்குச் சொல்லும்.

வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் சரியான வழி இல்லை. தேடிப் போக வாகனமும் இல்லை, ஆளும் இல்லை. போன மாதம் அந்த ஐயா இரண்டு தவணை வரவில்லை. மகள் வீட்டில் இல்லை, தொலைபேசியும் வேலைசெய்யவில்லை. அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், அவருடைய வேலைப்பட்டியலில் இது இல்லை.

"அவரின்ர பக்கத்து வீட்டில பிள்ளை பிறந்து ஆறு நாள் அக்கா. நாளைக்கு அங்க போகவேணும். எட்டிப் பாக்கிறன்" என்றார்.

மறுநாள் பதினொரு மணியிருக்கும், கோல் வந்தது.

"அக்கா, புண் கட்டு நனைஞ்சு மணக்குது. கால் வீங்கியும் இருக்கு. பஸ்ஸில வர மாட்டார் போல."

"காய்ச்சல் இருக்கோ?"

"மேல் சுடுது."

"அப்ப இஞ்ச கொண்டுவர வேண்டாம். 1990க்கு எடுங்கோ. மருந்துப் பையையும் கொப்பியையும் கையில குடுத்துவிடுங்கோ. நான் வாட்டுக்குச் சொல்லிவைக்கிறன்."