ஜாக் ஜோடி கையில், ராணி பாயில்

304 என்ற சீட்டாட்டத்தையே ஆடி வளர்ந்த ஆளுக்குப் போக்கர் சொல்லிக் கொடுக்கத் தனிப் பொறுமை வேண்டும். அது என் அத்தை மகனிடம் இல்லை. கொழும்பில் வேலை பார்க்கிறவன், தீபாவளிக்குத் தலவாக்கலைக்கு வந்திருந்தான். மறுநாள் மழை ஒரேயடியாக ஊற்றி, வெளியே கால் வைக்க வழியில்லாமல் போனதும், "மாமா, டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுவோமா?" என்று காம்பராவில் பாயை விரித்துவிட்டான். காசு கிடையாது, ஆளுக்கு ஒரு தீப்பெட்டி. அப்பா, அம்மா, அவன், நான்.

முதல் சிக்கல் சீட்டுக்கட்டிலேயே. 304-க்கு 7 முதல் ஏஸ் வரை 32 சீட்டு போதும். மீதி 20-ம், அதாவது 2 முதல் 6 வரை, வாங்கிய நாளிலிருந்து பிஸ்கட் டின்னுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த 32-ம் எண்ணெய்க் கையும் வெற்றிலைக் கையும் பட்டு மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, ஆட்டின் ராஜாவுக்கு ஒரு மூலையே இல்லை. டின்னிலிருந்து வந்த 20-ம் வழவழவென்று மின்னுகின்றன. எதிரில் இருப்பவர் கையில் சின்னச் சீட்டா பெரிய சீட்டா என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்பாவுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

சரி, ஆட்டம் நடக்கிறது. ஆளுக்கு இரண்டு சீட்டு, அப்பாவுக்கு இரண்டுமே ஜாக். முகத்தை மறைக்கவெல்லாம் அவருக்கு வராது, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டு 5 குச்சியை எடுத்து வைத்தார். மச்சானும் நானும் சீட்டைக் கீழே போட்டு விலகிக்கொண்டோம். அம்மா ஒன்றும் பேசாமல் 5 குச்சியைத் தள்ளினார். அம்மா கையில் இருந்த இரண்டுமே அழுக்குச் சீட்டு.

ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாகப் பாயில் விரிக்கும் முதல் மூன்று சீட்டில், ராணி, 7, 3.

மச்சான் அப்பாவுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து கிசுகிசுக்கிறான்: "மாமா, ராணி வந்திருச்சி, பாத்து." அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ராணிக்கு 2, ஜாக்குக்கு 30. என்னா பயம்?" 304-ல் அதுதானே கணக்கு: ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. "மாமா, இது 304 இல்ல, இதுல ஜாக்குக்கு மேல ராணி" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அப்பா 10 குச்சி போட்டாயிற்று. அம்மாவும் 10.

மச்சான் கிடந்து தவித்தானே ஒழிய, அந்த இடத்தில் 10 குச்சி போட்டது தப்பே இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஜாக் ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் ராணி, ராஜா, ஏஸ் இவற்றில் ஒன்றாவது வருவதற்கு 57 சதவீத வாய்ப்பு. கையில் இரண்டு பத்து என்றால், ஜாக்கையும் சேர்த்து, கிட்டத்தட்ட 70. தன் ஜோடிக்கு மேல்சீட்டைக் கண்டதும் கையைக் கீழே போடுகிறவர் பாதிக்கு மேல் கீழே போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். எதிரில் ஒரே ஆள் என்றால், பார்க்காத 47 சீட்டில் ராணி மூன்றுதான், ஏதோ இரண்டு சீட்டில் அது இருக்க 8-ல் ஒரு வாய்ப்பு. நாங்களும் கீழே போடாமல் இருந்து எதிரில் மூன்று பேர் என்றால் 3-ல் ஒன்றாகிவிடும், அப்போது நிதானம் வேண்டும். எங்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு: அம்மா கையில் இரண்டும் அழுக்கு, பார்க்காத அழுக்குச் சீட்டு 28, அதில் ராணி மூன்று, ஆக 5-ல் ஒன்று. இதை நான் சொன்னதும் மச்சான் என்னை முறைத்தான்.

டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டில், 4. பேசாமல் கூடவே வருகிற ஆளிடம் இங்கே ஒரு தடவை குச்சி போடாமல் செக் சொல்லிப் பார்ப்பதுதான் நல்லது. அம்மா வேறு, உறுதியில்லாமல் ஒரு குச்சி கூடப் போடாத ஆள், கடையில் ஐந்து ரூபாய் மிச்சம் வராமல் படியிறங்க மாட்டார். அப்பா 15 போட்டார். அம்மாவும் 15. "அத்தைகிட்ட ராணி இருக்கு மாமா, எழுதித் தர்றேன்," என்றான் மச்சான், இந்த முறை சத்தமாகவே. கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் 2. அப்பா மிச்சமிருந்த குச்சிகளைப் பெட்டியோடு கவிழ்த்தார். அம்மா தன் பெட்டியையும் அப்படியே கவிழ்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பினார்.

இரண்டு ஒன்பது.

"ஏன் அத்தை இத வெச்சிக்கிட்டு கூடவே போனீங்க, ராணிய பாக்கலயா?"

"பாத்தேன். ராணி என்னாத்துக்கு ஆகும்? ஒம்பதுக்கு மேல ஜாக்குதானே இருக்கு, அது ஒங்க மாமாகிட்ட எங்க வரப் போவுதுன்னு நெனச்சேன்."

அப்பா ஜாக்குகளைக் காட்டினார். அம்மா, "ஆங், அப்படீன்னா சரி," என்று குச்சியைத் தள்ளிவிட்டார். இருவருக்கும் துளிக் குழப்பம் இல்லை. மச்சான் மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு, நாளைக்குக் கடைத்தெருவில் புதுக் கட்டு ஒன்று வாங்கி வந்து முதலிலிருந்து சொல்லித் தருவதாக அறிவித்தான்.

அப்பா குச்சிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "வாங்கு. வாங்கிக்கிட்டு வந்ததும் அந்த ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் தனியா எடுத்து வெச்சிரு, சும்மா அழுக்காயிரும்."