ஆச்சியின் சக்கைக் கணக்கு

ஆச்சி போய்விட்டாள். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்துக்காரி. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவள் வாய்த்துடுக்கைச் சொல்லித்தான் அழுதார்கள், சிரித்தார்கள். அந்த வாய் எல்லோருக்கும் நினைவிருக்கும். கை செய்த வேலையைத்தான் எழுதிவைக்க வேண்டும்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, ஆச்சி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்திருந்தாள். அதனால் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் அவள் எழுதிய கணக்கெல்லாம் பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். அதில் பாதிக்கு மேல் சக்கைக் கணக்கு. சக்கை என்றால் எங்கள் பக்கத்தில் பலாப்பழம்.

உப்பேரிக்கு, அதாவது வறுவலுக்கு, சுளை கெட்டியான வருக்கைச் சக்கைதான். கூழன் என்ற மற்ற வகையில் சுளை குழைந்துபோகும். நன்றாக விளைந்திருக்க வேண்டும், பழுத்திருக்கக் கூடாது. முள்ளெல்லாம் விலகிப் பரந்து மழுங்கியிருந்தால் விளைந்தது. தட்டினால் கெட்டியாகச் சத்தம் வரவேண்டும். பொதபொதவென்று கேட்டால் பழுக்கத் தொடங்கிவிட்டது. அதில் இனிப்பு ஏறியிருக்கும், உள்ளே வேகுமுன் வெளியே கருகும். வெட்டுமுன் கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய். மறந்துவிட்டுக் கையில் பால் ஒட்டிக்கொண்டால் உடனே தண்ணீரில் கழுவக் கூடாது, இன்னும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தேய்த்து, துடைத்து, அப்புறம் சோப்பு. சுளையைக் கழுவுவதே இல்லை. குருவையும், அதாவது கொட்டையையும், அதன் தோலையும் எடுத்துவிட்டு நீளவாக்கில் அரிய வேண்டும். தீக்குச்சிப் பருமனுக்கு மேல் போகக் கூடாது. பருமன் ஒன்றுபோல் இல்லையென்றால் பாதி கருகும், பாதி சவசவக்கும்.

ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தடவைக்கு இரண்டு கைப்பிடி. அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, சுளை எண்ணெயைக் குடித்துவிடும். தீ நடுத்தரம். அரை டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் உப்பும் அரை ஸ்பூன் மஞ்சள்பொடியும் கரைத்துப் பக்கத்தில் வைத்திருப்பாள். நுரை அடங்கி, கரண்டியால் கிளறும்போது கலகலவென்று கேட்டதும் ஒரே ஒரு ஸ்பூன் ஊற்றுவாள். எண்ணெய் பொங்கி எழும், ஆகவே வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. "மாறி நில்லு மக்களே, வெள்ளம் சத்தம் போட்டு அடங்கட்டு, பொறவு கோரு" என்பாள். வெள்ளம் என்றால் தண்ணீர். அந்தச் சத்தம் ஓயுமுன் கோரினால் சாயங்காலமே நமுத்துவிடும். எங்கள் வீட்டில் கெட்டுப்போன உப்பேரியில் முக்கால்வாசி அந்த அரை நிமிட அவசரத்தால்தான்.

குருவை நிழலில் ஒருநாள் உலர்த்தி, குழைத்த செம்மண்ணில் புரட்டிப் பானையில் போடுவாள். மழைக்காலம் வரை முளைக்காமல் கிடக்கும், மாங்காயோடு கறிக்கு ஆகும். சுளைகளுக்கு இடையில் கிடக்கும் சவுணி, மகரந்தம் சேராமல் போன பூக்கள்தான். அதைப் பொடியாக அரிந்து தேங்காய் போட்டுத் தோரன், அதாவது பொரியல்.

ஆனால் அவளுடைய பெரிய வேலை சாயம். வீட்டில் ஆசாரி பிலாத்தடி, அதாவது பலாமரத் தடி, இழைத்தால் இழைப்புளியில் சீவி விழும் மரச்சுருளை யாரும் அடுப்பில் போட்டுவிடக் கூடாது. வைரம் பாய்ந்த நடுத்தடியின் மஞ்சள் சுருளை மட்டும் பொறுக்குவாள், வெளித்தடியின் வெள்ளையில் நிறம் இல்லை. கால் கிலோ எடையுள்ள கைத்தறி முண்டுக்கு (வேட்டிக்கு) கால் கிலோ சுருள். ராத்திரி ஊறவைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுவாள். முண்டைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சிப் பசையைப் போக்காவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு முப்பது கிராம் படிகாரம் கரைத்த சூடுநீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, லேசாகப் பிழிந்து, சாயநீரில் மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம். துணி தாராளமாக மிதக்க வேண்டும், அடிக்கடி திருப்பிவிட வேண்டும். அதே தண்ணீரில் ஆறவிட்டு, மறுநாள் அலசி, நிழலில் உலர்த்துவாள். இரும்புச் சட்டியில் செய்தால் மஞ்சள் மங்கிக் கறுத்த பச்சைக்குப் போய்விடும். அலுமினியம் அல்லது மண்பானைதான் அவளுக்கு.

அப்படியும் ஒருமுறை வேண்டுமென்றே சாயநீரில் ஆணி நான்கைப் போட்டாள். பாசி நிறம் வந்தது. அதைக் கிழித்து மஞ்சள் முண்டுக்குக் கரையாக வைத்துத் தைத்தாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆணி போட்ட அன்றைய நாட்காட்டித் தாளில் இவ்வளவுதான் இருக்கிறது: "மீனம் 20. வருக்கை 1. குரு 112. ஆணி 4. கொள்ளாம்." மீனம் என்றால் பங்குனி, கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது.