ஒரு போர்ட்லெட் விழுந்தால் முழுப் பக்கமும் போக வேண்டியதில்லை

மொரிஷியஸ், எபேன் சைபர்சிட்டியில் ஒரு நிறுவனத்தின் ஊழியர் போர்ட்டலை நான்தான் பார்த்துக்கொண்டேன். அதை ஓட்டியது ஜேபாஸ் போர்ட்டல் 2.6 என்ற ஜாவா மென்பொருள். முகப்பில் விடுப்பு, சம்பளச் சீட்டு, பஸ் நேரம், புயல் எச்சரிக்கை உட்பட ஆறு போர்ட்லெட்டுகள், அதாவது தனித்தனியாக இயங்கும் சிறு பெட்டிகள். இங்கே புயல் எச்சரிக்கை 1 முதல் 4 வரை ஏறும். 3 வந்துவிட்டால் வீட்டுக்குள் இருந்துவிட வேண்டும். 2 அறிவித்திருந்த ஒரு காலையில்தான் புயல் போர்ட்லெட் பிழையாகி விழுந்தது. வெளியிலிருந்து வந்த தகவலில் ஒரு இடம் காலியாக இருந்ததை எங்கள் நிரல் சரிபார்க்கவில்லை. பஸ் உண்டா என்று பார்க்க வந்தவர்களுக்குப் பக்கம் முழுக்க ஸ்டாக் டிரேஸ், அதாவது நிரல் எங்கே உடைந்தது என்று காட்டும் வரிகள்.

நிரலைத் திருத்த அரை மணி நேரம் ஆனது. பிழை வந்தால் காட்ட வேண்டிய எரர் பேஜுக்குத்தான் இரண்டு நாள் ஓடியது.

முதலில் ஜாவா வலைச் செயலியின் அமைப்பு ஃபைலான வெப்.எக்ஸ்எம்எல்லில் எரர்-பேஜ் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. போர்ட்லெட்டைக் கூப்பிடுவது பிரவுசர் இல்லை, போர்ட்டல். ரெண்டரில், அதாவது பெட்டியை வரையும்போது, எழும் எக்ஸெப்ஷனை (பிழையை) போர்ட்லெட்டை இயக்கும் கன்டெய்னரே பிடித்துக்கொள்கிறது, அது வெப்.எக்ஸ்எம்எல் வரை வருவதே இல்லை. ஒரு போர்ட்லெட் விழுந்தாலும் பக்கத்தில் உள்ள மற்றவற்றைத் தொடர்ந்து காட்ட வேண்டும் என்றே 2003-இல் வந்த போர்ட்லெட் தரநிலையான ஜேஎஸ்ஆர் 168 சொல்கிறது. பிறகு ஏன் முழுப் பக்கமும் போனது?

விடை, பக்கங்களை வரையறுக்கும் ஆப்ஜெக்ட் எக்ஸ்எம்எல் ஃபைலில் இருந்தது. பிழையைக் கையாள இரண்டு அடுக்குகள்: பேஜ், அதற்கு மேலே போர்ட்டல். பேஜ் அடுக்கில், அனுமதி மறுப்பு, எரர் (போர்ட்லெட் எக்ஸெப்ஷன் எறிவது) என்று வகைவாரியாக 'இக்னோர்' (மேல் அடுக்குக்கு விடு), 'ஹைட்' (பெட்டியை மறை), 'ஜேஎஸ்பி' (பிழைக்கென எழுதிய ஜாவா பக்கத்தைக் காட்டு) மூன்றில் ஒன்றைத் தரலாம். எங்களிடம் பேஜ் அடுக்கில் 'இக்னோர்' இருந்தது. அதனால் பிழை மேலே ஏறி, போர்ட்டல் அடுக்கின் ஜேஎஸ்பி மொத்தத்தையும் மூடிவிட்டது.

அனுமதி மறுப்புக்கு 'ஹைட்', எரருக்கு 'ஜேஎஸ்பி' என்று பேஜ் அடுக்கில் மாற்றினேன். மறுபடி டெப்ளாய் செய்தும் (சர்வரில் ஏற்றியும்) பழைய திரையே வந்தது. ஒரு மதியம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: அமைப்பெல்லாம் டேட்டாபேஸில் பதிந்திருக்கிறது, ஃபைலில் 'இஃப்-எக்ஸிஸ்ட்ஸ்' 'கீப்' என்று, அதாவது ஏற்கெனவே இருந்தால் பழையதையே வை என்று, நிற்கிறது. 'ஓவர்ரைட்' ஆக்கியதும் ஏற்றுக்கொண்டது.

எரரையும் 'ஹைட்' செய்துவிட்டால் திரை சுத்தமாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். புயல் எச்சரிக்கைக்கு அது ஆபத்து. பெட்டியே இல்லையென்றால் எச்சரிக்கையே இல்லை என்று ஆள் கிளம்பிவிடுவார். டெஸ்டிங்கில் இருந்த திருநெல்வேலி அக்கா, "தம்பி, என்ன உடைஞ்சுதுன்னு எனக்குச் சொல்லு, அவங்களுக்கு அடுத்து என்ன செய்யணும்னு சொல்லு" என்றார். அப்படியே எழுதினேன். அந்த ஜேஎஸ்பி, போர்ட்டல் பக்கத்துக்குள் ஒரு துண்டாக இன்க்ளூட் ஆவதால் எச்டிஎம்எல், பாடி டேக் எதுவும் இல்லை. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இரண்டே வரி: எச்சரிக்கை இப்போது கிடைக்கவில்லை, ரேடியோவைக் கேளுங்கள். கீழே சிறிய எழுத்தில் ஓர் எண். அதே எண்ணோடு ஸ்டாக் டிரேஸ் சர்வரின் பதிவேடான லாகில் பதியும்.

வேண்டுமென்றே ரெண்டரில் ஒரு எக்ஸெப்ஷன் எறிந்து பார்த்தோம். புயல் பெட்டியில் அந்த இரண்டு வரி, பக்கத்துப் பெட்டியில் பஸ் நேரம் அப்படியே.