"பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதிலுக்குப் பிறகு: தகவல் உரிமை மனு போடும் முறை

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் கைக்கு வருவது ஒரு மனு எண். மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டால் "பரிசீலனையில் இருக்கு" என்பார்கள். கவுன்சிலரிடம் போனால் "நான் அன்னைக்கே சொல்லிட்டேனே, ஆபீஸ்லதான் இழுக்கிறாங்க" என்பார். ஆபீஸில் கேட்டால் "மேல இருந்து சொல்லாம நாங்க என்ன சார் செய்ய முடியும்" என்பார்கள். யார் சொல்வது உண்மை என்பது அந்தக் கோப்புக்குள் தேதியோடும் சுருக்கொப்பத்தோடும் கிடக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அந்தக் கோப்பைக் கேட்கலாம். கேட்கத் தெரியாமல் கேட்டுக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

"எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று எழுதினால் மனு அங்கேயே படுத்துவிடும். பிரிவு 2(எஃப்) சொல்லும் தகவல் என்பது ஏற்கெனவே பதிவாகி அலுவலகத்தின் கையில் இருப்பது. இல்லாத விளக்கத்தைப் புதிதாக எழுதித் தரும் கடமை, இந்த மனுக்களுக்குப் பதில் தரும் பொறுப்பிலுள்ள பொதுத் தகவல் அலுவலருக்குக் கிடையாது. உச்ச நீதிமன்றமும் 2011இல் சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. "ஏன்", "எப்போது செய்வீர்கள்", "இது நியாயமா" என்ற மூன்றையும் மனுவிலிருந்து அடித்துவிடுங்கள். கேட்க வேண்டியது காகிதத்தை. அதற்கு ஆபீஸில் காகிதம் எப்படி நகர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வந்த மனுவுக்கு ஒரு ந.க. எண், அதாவது கோப்பு எண், விழும். பிரிவு எழுத்தர் அதை "தன் பதிவேடு" என்ற, தன் பெயரில் உள்ள பதிவேட்டில் ஏற்றுவார். எந்தத் தேதியில் வந்தது, யாருக்கு எழுதப்பட்டது, என்று பதில் வந்தது, எப்படி முடிக்கப்பட்டது என்பதெல்லாம் அந்த ஒரே வரிசையில் இருக்கும். கோப்பில் இரண்டு பகுதி உண்டு. வந்த, போன கடிதங்கள் நடப்புக் கோப்பில். எழுத்தர் எழுதி, கண்காணிப்பாளர் திருத்தி, அதிகாரி ஒப்பமிடும் குறிப்புகள் குறிப்புக் கோப்பில். யார் சொன்னதால் நின்றது என்பதற்குத் தடயம் இருந்தால் அது குறிப்புக் கோப்பில்தான் இருக்கும். ஆகவே மனுவில் இப்படி எழுதுங்கள்:

"இன்ன தேதியில் நான் அளித்த, இன்ன எண் கொண்ட மனு தொடர்பாக: தன் பதிவேட்டில் அம்மனு பதியப்பட்ட பக்கத்தின் நகல், நடப்புக் கோப்பு, குறிப்புக் கோப்பு முழுவதன் சான்றிட்ட நகல், இம்மனு முடிக்கப்பட்டிருப்பின் முடிவு ஆணையின் நகல், மேற்படி கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும்."

நான்கு வரி போதும். பதினெட்டுக் கேள்வி எழுதினால் சுலபமான பதினாறுக்குப் பதில் தந்துவிட்டு, வேண்டிய இரண்டை விழுங்கிவிடுவார்கள்.

இதில் ஒரு அவசரமும் இருக்கிறது. மாவட்ட அலுவலக நடைமுறையில் எல்.டிஸ் என்று முடித்த கோப்பை ஓராண்டிலும், கே.டிஸ் என்றால் மூன்றாண்டிலும், டி.டிஸ் என்றால் பத்தாண்டிலும் அழிக்கலாம், ஆர்.டிஸ் மட்டுமே நிரந்தரம். சாதாரண மனுவை "தகவல் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதி எல்.டிஸ்ஸில் முடித்துவிட்டால், ஒரு வருடம் பொறுத்துப் போகிறவருக்குக் கிடைப்பது "ஆவணம் அழிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிதான். அப்படிப் பதில் வந்தால் அழித்ததற்கான பதிவேட்டுப் பக்கத்தைக் கேட்டு இன்னொரு மனு போடலாம். பல நேரம் அதற்குப் பிறகு கோப்பு உயிர்த்தெழும்.

சாலை, வாய்க்கால், கட்டடம் போன்ற வேலையாக இருந்தால் கேட்க வேண்டியவை வேறு: மதிப்பீடு, நிர்வாக அனுமதி, பணி ஆணை, பட்டியல் (பில்) தொகை வழங்கிய ஆவணம், எல்லாவற்றுக்கும் மேலாக அளவுப் புத்தகம், அதாவது எம்-புக். போடாத சாலைக்கும் எம்-புக்கில் நீளம், அகலம், கனம் எழுதப்பட்டிருக்கும். அளந்தவர் ஒப்பமும் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிச் சரிபார்க்கலாம். பிரிவு 2(ஜே)யின்படி பணியைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் உரிமை இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் நடந்த வேலை என்றால், உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கான கோப்புகள் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். "நான் ஒதுக்கிட்டேன், அதிகாரிகள்தான் செய்யல" என்ற மேடைப் பேச்சைச் சரிபார்க்க அந்தக் கடிதத்தின் தேதி ஒன்றே போதும்.

இனி அனுப்பும் விதம். தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வில்லையின் மேல் கோடு போட்டுச் செல்லாததாக்கிவிடாதீர்கள், அது அலுவலகத்தின் வேலை. மத்திய அரசு அலுவலகங்களுக்கு அஞ்சல் ஆணை. அங்கே நம் வில்லை செல்லாது. வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்கள் அதற்கான சான்றின் நகலை இணைத்தால் கட்டணமே இல்லை. வில்லை ஒட்டிய பக்கத்தை அனுப்புமுன் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால் விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்த தேதி காட்டும் பக்கத்தை உடனே அச்செடுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் எல்லாக் கணக்கும் தொடங்குகிறது. காரணம் எழுதத் தேவையில்லை. பிரிவு 6(2) அதைக் கேட்கவே கூடாது என்கிறது.

பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். இந்த 30 நாளுக்குள் வழக்கமாக இரண்டு விளையாட்டு நடக்கும்.

முதலாவது, கைமாற்றுவது. ஆட்சியர் அலுவலகம் வட்டாட்சியருக்கு அனுப்பும், அவர் கிராம நிர்வாக அலுவலருக்கு அனுப்புவார், ஒவ்வொருவரும் உங்களுக்கு ஒரு பார்வை நகல் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். வேறொரு பொது அதிகார அமைப்புக்கு மாற்றுவதென்றால் பிரிவு 6(3)இன்படி ஐந்து நாளுக்குள் மாற்ற வேண்டும். தன் கீழுள்ளவரிடமிருந்து தகவல் வாங்குவது பிரிவு 5(4)இன் கீழான உதவி மட்டுமே. அதனால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடாது. மேல்முறையீட்டில் இந்த வித்தியாசத்தை எழுத வேண்டும்.

இரண்டாவது, 28ஆம் நாளில் வரும் பணக் கடிதம். பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் இவ்வளவு கட்டினால் நகல் தருவோம் என்று வரும். அந்தக் கடிதம் புறப்பட்ட நாள் முதல் நீங்கள் பணம் கட்டும் நாள் வரை கணக்கில் சேராது. பக்க எண்ணிக்கையும் கணக்கிட்ட விதமும் கடிதத்தில் இருக்க வேண்டும். பணத்தை உடனே கட்டிச் செலானின் நகலை அனுப்புங்கள். இங்கே கோபப்பட்டு மாதக்கணக்கில் விட்டவர்கள் நிறைய. 30 நாள் கடந்த பிறகு பணம் கேட்டால் மட்டும் கட்ட வேண்டாம். பிரிவு 7(6)இன்படி அப்போது இலவசமாகத் தர வேண்டும்.

பதிலே இல்லை என்றால் பிரிவு 7(2) அதை மறுப்பு என்றே கொள்கிறது. அடுத்த 30 நாளுக்குள், பொதுத் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். இதற்கு மாநிலத்தில் கட்டணம் இல்லை. புலம்பல் வேண்டாம். மூன்று பத்தி போட்டு, கேட்டது, வந்த பதில், மீறப்பட்ட பிரிவு என்று நிரப்பினால் ஒரு பக்கத்தில் முடியும். பிரிவு 8(1)(ஜே), தனிநபர் தகவல், என்று மறுத்திருந்தால் கேட்டது என் சொந்த மனுவின் கோப்பு என்று எழுதுங்கள். மற்றவர் பெயர்கள் இருந்தால் பிரிவு 10இன்படி அவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த (ஜே)யை அகலப்படுத்தி, அதற்குள் இருந்த பொதுநலன் விலக்கை எடுத்துவிட்டது. பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது. பொதுநலனை இனி அதன் கீழ்தான் வாதாட வேண்டும்.

பெரும்பாலான மனுக்கள் இந்தக் கட்டத்தில் அசைந்துவிடும். நகல் வராவிட்டாலும் பட்டா வரும், தெருவில் ஜல்லி இறங்கும். "வேலைதான் ஆயிடுச்சே, எதுக்கு அப்பீல்" என்று போனும் வரும். திரும்பப் பெற எழுதித் தருவதும் தராததும் அவரவர் விருப்பம். வேலை முழுதாக முடியும்வரை தராமலிருப்பது நல்லது.

இரண்டாம் மேல்முறையீடு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. விசாரணைக்கு எண் வர மாதக்கணக்கில் ஆகும். இங்கே நடக்கும் பெரிய பிழை, பிரிவு 18இன் கீழ்ப் புகார் மட்டும் போடுவது. புகாரில் அலுவலருக்குத் தண்டம் விதிக்கலாம். தகவலைத் தரச் சொல்ல முடியாது. மணிப்பூர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். தகவல் வேண்டுமென்றால் பிரிவு 19(3). அதில் மூன்று கோரிக்கையைத் தனித்தனியாக எழுதுங்கள்: தகவல், பிரிவு 20இன்படி நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 வரை தண்டம், பிரிவு 19(8)(பி)இன்படி இழப்பீடு. விசாரணைக்கு முந்தின நாள் நகலைக் கையில் கொடுத்து "தகவல் வழங்கப்பட்டது" என்று வழக்கை முடித்துக்கொள்வது பழைய உத்தி. தனியாகக் கேட்டிருந்தால் மற்ற இரண்டும் உயிரோடு நிற்கும். தண்டம் விதிப்பது அபூர்வம்தான், ஆனால் விளக்கம் கேட்டு வரும் நோட்டீஸே அலுவலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒப்பந்ததாரரும் ஆளுங்கட்சிக்காரரும் ஒரே ஆளாக இருக்கும் ஊரில் மனு போட்டவர் பெயர் அன்று மாலையே டீக்கடைக்கு வந்துவிடும். கிர் காட்டோரச் சுரங்கங்களைத் துருவிய அமித் ஜேத்வா, 2010இல் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. ஒரே தகவலை வேறு வேறு ஊர்களிலிருந்து நாலு பேர் கேட்பதும் நல்ல தற்காப்பு.

பார்வையிட அழைத்தால் ஒருவராகப் போகாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கோப்பைத் திறந்ததும் படிக்க ஆரம்பிக்காமல் பக்க எண்களை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை சரிபாருங்கள். எந்த எண் விட்டுப்போயிருக்கிறது, எது அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது என்று குறித்து, நகல் வேண்டிய பக்கங்களின் பட்டியலோடு அதையும் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.