காதால் கற்ற குதிரை நடை

குதிரை ஏற்றத்தைப் பாட்காஸ்ட் கேட்டுக் கற்க முடியுமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். ஏறுவதைக் கற்க முடியாது. குதிரையின் நடையைக் கற்கலாம். அதற்குக் கண்ணைவிடக் காதே நல்ல ஆசான் என்பது இப்போது என் உறுதியான எண்ணம்.

மாலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது கேட்பேன். சாதாரண நடையில் நான்கு தட்டு: இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால். டிராட் எனும் துள்ளோட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் இணைந்து விழுவதால் இரண்டே தட்டு. கான்டர் எனும் மிதமான பாய்ச்சலில் மூன்று தட்டு, பிறகு நான்கு கால்களும் தரையை விட்டெழும் ஒரு கணம் மௌனம். அந்த மௌனம் பிடிபட்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. குதிரைமேல் இருப்பவர் செய்வதுபோல, டிராட்டின் ஒலிக்கேற்ப வாங்கின் நுனியில் எழுந்து எழுந்து அமர்ந்து பழகுகிறேன். தொடை நன்றாகவே கடுக்கிறது.

கேட்டதைச் சரிபார்க்க யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவுக்குப் போனேன். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் வரை பஸ், அங்கிருந்து படகு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை எனப்படும் மட்டக்குதிரைகள் அங்கே கட்டற்றுத் திரிகின்றன. அவை ஏறுவதற்கானவை அல்ல. தொடக்கூட முயலக் கூடாது. கோடையில் தண்ணீருக்கே தவிக்கும் உயிர்களை நாம் விரட்டி ஓட வைப்பது கொடுமை. தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டேன். முருகைக்கல் தரையில் ஒரு கூட்டம் தானாக ஓட்டமெடுத்தபோது மூன்று தட்டும் இடைவெளியும் தெளிவாகக் கேட்டன. மணல் வந்ததும் ஒலி அமுங்கிவிட்டது.

காதுகளையும் கவனித்தேன். இரண்டையும் பின்னுக்கு ஒட்ட மடித்தால் எச்சரிக்கை. ஒரு குதிரை அப்படி மடித்ததும் பக்கத்தில் மேய்ந்தது விலகிப்போனது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் குதிரைக்குப் பார்வை எட்டாது என்பதால், பழகிய குதிரையையும் தோள்பக்கமாகவே, குரல் கொடுத்தபடி அணுக வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

கடிவாளத்தைப் பிடிக்கும் கையின் மென்மையை எந்த ஒலியும் சொல்லித் தராது. அதற்காக அடுத்த விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போகிறேன். ஏறுமுன், சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்றுவாரை ஒரு தடவையும், சில அடிகள் நடத்திய பின் இன்னொரு தடவையும் இறுக்கிப் பார்க்கும்படி குதிரைக்காரரிடம் சொல்வேன். வார் பூட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு.