182 நாள் கணக்கு

அக்டோபர் 3, 2024, வியாழன்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து கோத்தகிரியில் குடியிருக்க வந்து, கோவை விமான நிலையத்தில் இறங்கியதும் டாக்சித் தம்பி கேட்ட முதல் கேள்வி: "இ-பாஸ் எடுத்துட்டீங்களா?" உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இந்த ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளி வண்டிகளுக்கு இது வேண்டும். டிஎன் 43 வண்டி என்றால் வேண்டாம், அது நீலகிரியின் சொந்த எண். உள்நாட்டுக்காரர் கைபேசி எண்ணைக் கொடுத்து எடுக்கிறார், வெளிநாட்டுக்காரர் மின்னஞ்சல் கொடுத்து எடுக்கிறார். இவர், என் வீட்டுக்காரர், ஈப்போ மின்னஞ்சலை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியதைத் தம்பி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, பேசறது தமிழு, பாஸு மட்டும் பாரின்காரங்க பாஸுங்களா?"

நாற்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். பதில் வரவில்லை.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது இவர், "கேமரன் மலையில பாக்காத குளிரா?" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஸ்வெட்டரைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்தார். ஆறரைக்கு நல்ல இருட்டு. அதுதான் என்னை ஆட்டிவிட்டது. எங்கள் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் பொழுது சாயும். 1982ல் மலேசியக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததிலிருந்து அப்படித்தான். இங்கே இருட்டிய பிறகும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கிடக்கிறது. என்ன செய்வார்கள் இந்த ஊரில்?

அக்டோபர் 9, புதன்

வங்கி. சிம் கார்டு. மறுபடி வங்கி. கணக்குத் திறக்க உள்ளூர் எண் கேட்டார்கள், எண் வாங்க உள்ளூர் முகவரிக்குச் சான்று கேட்டார்கள், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் போட வேண்டிய எண் எது என்று வீட்டு ஓனர் அண்ணா எங்களைக் கேட்டார். எல்லாம் ஓடிபி மயம்.

எங்கள் ஓசிஐ, அதாவது வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டையை நீட்டியபோது கடைப் பையன், "ஓசிஐன்னா ஓசியா மேடம்?" என்றான். இவருக்குக் கோபம். எனக்குச் சிரிப்புத்தான். அந்த அட்டைக்காக, ரஜுலா கப்பலில் பினாங்கு வந்திறங்கிய என் தாத்தாவின் பழைய காகிதங்களைத் தேடி ஆறு மாதம் பீரோ பீரோவாகத் துழாவியது எனக்குத்தான் தெரியும். அட்டையின் பெயரில் 'குடிமகன்' இருக்கிறதே தவிர ஓட்டு கிடையாது, விவசாய நிலமோ தோட்டமோ வாங்கவும் முடியாது. ஓனர் அண்ணா பாவம், வீட்டுக்குக் கீழே இருக்கும் அரை ஏக்கர் தேயிலையை எங்களிடம் விற்கும் யோசனையில் இருந்தார். சட்டத்தைச் சொன்னோம். தாத்தா கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். பேத்தி நான் தேயிலைத் தோட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், அதற்குச் சட்டம் இடம் தருகிறது.

ஆதார் கிடைக்கும், ஆனால் விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதத்தில் 182 நாளாவது இங்கே இருந்திருக்க வேண்டும். இவர் நாட்காட்டியில் கோடு போடத் தொடங்கிவிட்டார். இன்று ஏழு.

அக்டோபர் 14, திங்கள்

இட்லி மாவு பொங்கவில்லை. மூன்றாவது தடவை.

ஈப்போவில் ராத்திரி அரைத்து வைத்தால் விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்திருக்கும், அதைத் துடைப்பதே காலையில் முதல் வேலை. இங்கே சட்டியைத் திறந்தால் நேற்று வைத்த கையின் அடையாளம்கூட அப்படியே இருக்கிறது. இவர் தன் பழைய ரயில்வே ஜம்பரைச் சட்டிக்கு உடுத்திப் பார்த்தார். பலனில்லை, இவருக்குக் குளிர் பிடித்ததுதான் மிச்சம். பருப்பும் வேகமாட்டேன் என்கிறது. கோத்தகிரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,800 மீட்டர், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொங்கிப் புரள்கிற தண்ணீரைப் பார்த்து ஏமாறக்கூடாது, அதன் சூடு அவ்வளவுதான். குக்கர் இல்லாமல் இங்கே துவரம்பருப்பு கிடையாது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் போல. "டீச்சர், உப்பைக் கையால கலக்குங்க, கரண்டியால இல்ல. பெட்டிக்குள்ள சுடுதண்ணிச் சொம்பு ஒண்ணு வச்சு, பக்கத்துல மாவு வைங்க. ஒரு நாள் இல்ல, ஒண்ணரை நாள் விடுங்க." போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "குளிருதுன்னு சட்டியில கரி மூட்டி, கதவை அடைச்சிட்டுப் படுத்துராதீங்க. எழுந்திரிக்க மாட்டீங்க."

அக்டோபர் 20, ஞாயிறு

கடைவீதி. இவர் துணிக்கடையில் நுழைந்து, "நல்ல தடிப்பா ஒரு சிலுவார் காட்டுங்க" என்றார். கடைக்காரர் மடிப்புக் கலையாமல் நான்கு செட் எடுத்துப் போட்டார், ஊதா, ரோஸ், பூ வேலைப்பாடு. "அம்மாவுக்கு எந்தக் கலர் சல்வார் பிடிக்கும்?" மலாய்க்காரரின் சிலுவார் எங்கள் வாயில் காற்சட்டையாக நூறு வருடம் ஓடிவிட்டது, தமிழ்ச் சொல் இல்லை என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை. 'பேன்ட்' என்றதும் வேலை முடிந்தது.

காய்க்கடையில் நான், ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்லிப் பழகிய வாயால், "பீன்ஸ் கிலோ எத்தனை வெள்ளி?" கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "வெள்ளிக்கிழமை வேற விலையெல்லாம் இல்லக்கா."

கடையில் நின்றிருந்தவர்கள் தங்களுக்குள் படுகர்களின் மொழியான படுகு பேசினார்கள். காது கூர்ந்தால் கன்னடம் மாதிரி, விட்டுவிட்டால் தமிழ் மாதிரி. எங்களிடம் திரும்பியதும் தமிழுக்கு மாறினார்கள். மரியாதைதான். ஆனால் என்னோடு பேசத் தமிழுக்கு மாறுகிற ஆட்களைத் தமிழ்நாட்டில் பார்ப்பேன் என்று நினைத்து நான் வரவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. திறந்த இல்ல உபசரிப்பு கிடையாது, சீனரும் மலாய்க்காரரும் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கிடையாது. முறுக்கு மிஞ்சிவிட்டது. அக்கா வீட்டுக்கு ஒரு டப்பா, ஓனர் அண்ணாவுக்கு ஒரு டப்பா. அவர் பதிலுக்கு வர்க்கி தந்தார். ஊட்டி வர்க்கிக்குப் போன வருடம் புவிசார் குறியீடு கிடைத்ததாம். டீயில் முக்கி எடுக்க வேண்டும், எண்ணி இரண்டு நொடி. மூன்றாவது நொடியில் பாதி டம்ளருக்குள் போய்விடும்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. மழை. தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கம் கொட்டும், கோத்தகிரிக்கு வடகிழக்குதான் பெரிய மழை என்று ஓனர் அண்ணா சொல்லியிருந்தார். எங்கள் ஊர் மழை இரண்டு மணி நேரம் அடித்துவிட்டு வெயிலுக்கு இடம் விடும். இது மேகத்துக்குள்ளேயே குடியிருப்பது. இவருடைய தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம், என் பட்டுப்புடவைப் பெட்டியில் ஈர வாடை. தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கிறது. 2009 நவம்பர் நிலச்சரிவைப் பற்றி இங்கே யாரும் தானாகப் பேசுவதில்லை. ஆனால் மழை நாலு நாள் விடாமல் பெய்தால் எல்லோரும் மேட்டுப் பக்கச் சுவரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்கள். நானும் தொடுகிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மழை விட்டிருந்தது. அக்கா திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தோம். சின்ன வயதுப் பேச்சு வந்தது. நான் பாட்டுக்கு, "காலைல அஞ்சு மணிக்கு அம்மா பெரட்டுக்குப் போயிருவாங்க, என்னைய ஆயாக் கொட்டகையில விட்டுட்டு" என்றேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பெரட்டா? டீச்சர், உங்க தோட்டத்திலயும் பெரட்டா?"

விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடுவதுதான் பெரட்டு. வெள்ளைக்காரன் 'பரேடு' என்றதை எங்கள் தாத்தா, பாட்டிகள் அப்படிப் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அவன் இந்தத் தமிழர்களைத்தான் ஒரு கப்பலில் மலாயாவுக்கும் இன்னொரு கப்பலில் சிலோனுக்கும் ஏற்றினான், சொல்லும் இரண்டு பக்கமும் ஏறிப் போயிருக்கிறது. அப்புறம் ஒரு மணி நேரம் சொல் பொறுக்கினோம். கங்காணி, இரண்டு பக்கமும் உண்டு. லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, உண்டு. நான் கிராணி என்றால் அவர் கணக்கப்பிள்ளை என்கிறார். ஆயாக் கொட்டகை அவருக்குப் புள்ளக்காம்பரா. "காம்பரான்னு இங்க வந்து சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர். உங்க சிலுவார் கதை மாதிரிதான்."

அக்கா பிறந்தது சிலோனில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு என்று ஆளைப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்த வருடம்தான் அக்காவின் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. அவருக்குப் பதினாலு வயது. இராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே அரசு தேயிலை நட்டுவைத்த தோட்டங்கள், அதாவது இன்றைய டான்டீ. முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்திருக்கிறார். இடது கட்டைவிரல் நகத்தைக் காட்டினார், ஓரம் கறுத்துப் பிளந்திருந்தது. தேயிலைக் கறை போகவே போகாதாம்.

"எங்களுக்குப் பேப்பர்ல 'தாயகம் திரும்பியோர்'னு பேரு. நான் எங்க திரும்பினேன்? முன்னப் பின்ன பாத்த ஊரா இது?" குரலில் வருத்தமே இல்லை, கணக்கு ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார். "அம்பது வருஷம் ஆச்சு. இன்னும் பஸ்ல யாராவது கேட்டா, சிலோன்கார அக்கான்னுதான் அடையாளம் சொல்றாங்க. நீங்க வந்து எத்தனை நாள்?"

ஐம்பத்து மூன்று என்றேன். இவர் போட்ட கோடுகளை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

கரடி. விடியற்காலை மூன்று மணிக்கு அடுக்களைக் கதவில் பிராண்டல், பிறகு தகரம் நசுங்குகிற சத்தம். இவர் டார்ச்சை எடுத்தார், நான் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் வெளியே போகவில்லை. விடிந்து பார்த்தால் பின்கட்டில் வைத்திருந்த நல்லெண்ணெய் டின் தட்டையாகக் கிடந்தது, உள்ளே ஒரு சொட்டு மீதம் வைக்கவில்லை. கோத்தகிரிக் கரடிக்கு எண்ணெய் என்றால் உயிராம். விளக்கெண்ணெய்க்காகக் கோவில் கதவையே உடைத்திருக்கிறது. "கார்த்திகை வருது, வாசல்ல விளக்கு வச்சா, அணைஞ்சதும் உள்ள எடுத்துருங்க" என்றார் அக்கா. காட்டெருமை வந்தால்? "அது பாட்டுக்கு மேயும், நீங்க பாட்டுக்கு நில்லுங்க. செல்பி எடுக்கப் போனவங்களைத்தான் அது முட்டும்."

டிசம்பர் 27, வெள்ளி

கன்னேரிமுக்கு போய்வந்தோம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் 1819ல் கட்டிய பங்களா, இப்போது அருங்காட்சியகம். ஊட்டியை உண்டாக்கியவர் முதலில் கூரை போட்டது கோத்தகிரிப் பக்கம்தான். குளிருக்காக மலை ஏறிய வெளிநாட்டுக்காரர், நம்மைப் போல. ஒரே வித்தியாசம், அவரிடம் யாரும் இ-பாஸ் கேட்கவில்லை. மனைவியும் ஒரு மகளும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் இருக்கிறார்கள், அவர் மட்டும் ஊர் திரும்பிவிட்டார். இதைப் படித்தபின் இவர் வழியெல்லாம் பேசவில்லை.

ஓனர் அண்ணா நேற்றிலிருந்து தேயிலைக் கன்றுகளைத் தாகைச் செடி வெட்டிப் போட்டு மூடுகிறார். உறைபனி விழுந்து அதன்மேல் வெயில் பட்டால் கொழுந்து தீய்ந்த மாதிரி கருகிவிடும். குளிரால் எரிவது! பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி தள்ளி இருக்கும் ஊரில்.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

மாவு பொங்கியது. பொங்கலன்றைக்கு என்று பார்த்து, அரிசிக்கு முன்னால்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ஈப்போவில் இருந்திருந்தால் கல்லுமலைக்குப் பால்குடம், நேற்று ராத்திரியே தூக்கம் போயிருக்கும். இங்கே பஸ் பிடித்து ஊட்டி போய் எல்க்ஹில் ஏறினோம், அக்காவும் வந்தார். அங்கே நிற்கிற பெரிய முருகனைப் பார்த்ததும் இவர் கையெடுத்துக் கும்பிட மறந்து, "பத்துமலை!" என்றார். பத்துமலையில் நிற்பவர் 140 அடி. ஊட்டி முருகன் அவருக்குத் தம்பி என்று சொல்லலாம். அந்த நிற்கிற தோரணைதான். படியில் உட்கார்ந்து மகளுக்கு வீடியோ கால் போட்டேன். நமக்குப் பதினொன்றரை, அவளுக்கு இரண்டு மணி. கல்லுமலையில் இருந்தாள், பின்னால் உறுமி சத்தம். "பசியாறியாச்சாம்மா?" என்றாள். அக்கா போனுக்குள் தலையை நீட்டி, "ஆச்சு, ஆச்சு, எங்க வீட்டு இட்லி" என்றார். அது எங்கள் வீட்டு இட்லி. அவர் வீட்டு வித்தை.

இன்று 132. இன்னும் ஐம்பது கோடு.

இப்போதெல்லாம் காலையில் மூவரும் சர்ச் மேடு வரை நடக்கிறோம். அக்கா அதற்குப் பெரட்டு என்றே பெயர் வைத்துவிட்டார். நாளைக்கு ஆறு மணிக்காம். பிந்தினால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், போடுவாராம்.