தோமையாரின் காலடியில்

சென்னை மயிலாப்பூரில் இருக்கும் சாந்தோம் பேராலயத்துக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். 155 அடி உயர வெள்ளைக் கோபுரம் அப்படி இழுக்கும். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த பெரியம்மா மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முதல்ல கல்லறைக்குப் போவோம்யா, மத்ததெல்லாம் அப்புறம்" என்று பின்பக்கம் நடந்துவிட்டார்.

அங்கே தனி வழி. படியிறங்கினால் கல்லறைச் சிற்றாலயம். பீடத்தடியில் படுத்த கோலத்தில் தோமையாரின் சுரூபம். பெரியம்மா முழந்தாளிட்டு ஜெபமாலையை எடுத்தார். பக்கத்தில் தலை நிறைய மல்லிகை வைத்து, நெற்றியில் குங்குமத்தோடு ஒரு பெண் கைகூப்பி நின்றிருந்தார். அவர் உதடும் அசைந்துகொண்டே இருந்தது.

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையார் கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கி, 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு உயிர்விட்டார், இங்கே அடக்கமானார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அவருடையதாக வணங்கப்படும் எலும்புகளில் பெரும்பகுதி இன்றைய துருக்கியில் உள்ள எதேசாவுக்குப் போய், பல இடம் மாறி, 1258 முதல் இத்தாலியின் ஒர்தோனாவில் இருக்கிறது. ஆனாலும் ஜனம் மயிலாப்பூரை விடவில்லை. அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். தோமையார் அடக்கமான மண்ணில் மண்டியிட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மேலே ஆலயத்துக்குள் வந்தோம். 1523-இல் போர்ச்சுகீசியர் கட்டிய கோயிலை எடுத்துவிட்டு, 1896-இல் புதிய கோதிக் பாணியில் எழுப்பியது இது. கூர்நுனி வளைவுகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் என்று எல்லாமே கண்ணை மேலே கொண்டுபோகும். 1986 பிப்ரவரி 5-ஆம் தேதி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கே வந்து ஜெபித்தார். மயிலை மாதா சுரூபத்துக்கு முன்னால் பெரியம்மா வெகுநேரம் நின்றார். 1545-இல் புனித சவேரியார் ஜெபித்தது இந்த மாதாவிடம்தான் என்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்காரர்களுக்குச் சவேரியார் என்றால் சொந்தத் தாத்தா மாதிரி. பெரியம்மாவின் கண் கலங்கியதில் ஆச்சரியமில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது வண்ணக் கண்ணாடியில் இருந்த காட்சி. உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குக் காயங்களைக் காட்டுகிறார். தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவரை அவர் விரட்டவில்லை. "உன் கையை நீட்டி என் விலாவில் இடு" என்றார். அதற்குப் பிறகுதான் "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!" என்ற அந்த அறிக்கை. எதையும் கேள்வி கேட்டே பழகிப்போன எனக்கு, ஜெபிக்கத் தைரியம் தருகிற அப்போஸ்தலர் இவர்தான். கேட்க நினைத்த எல்லாவற்றையும் அவரிடம் கேட்டேன்.

ஜூலை 3 திருவிழா. அமைதியாக ஜெபிக்க விரும்புகிறவர்கள் வார நாளில் போங்கள்; கல்லறையருகே சற்று நேரம் உட்காரலாம்.